பேர் வைப்பது யார்? லண்டன் சிம்பொனியும் எங்க ஊர்த் தப்பும்

2025 மார்ச் 8 ராத்திரி எங்க காலனியில் இளவட்டங்கள் யாரும் தூங்கவில்லை. லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த ராத்திரி அது. துண்டு துணுக்காக வந்த படங்களையும் செய்திகளையும் செல்போனில் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டு, "நம்மாளு வெள்ளக்காரனையே வாசிக்க வச்சுட்டாருடா" என்று பையன்கள் கொண்டாடிக் கொண்டிருந்தார்கள். சிம்பொனி என்றால் என்ன, அதில் எத்தனை பகுதி என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கே அரைகுறைதான். ஆனாலும் அந்தச் சந்தோசம் பொய்யில்லை.

ரெண்டு நாள் கழித்து ஊர்த்தெருவில் ஒரு பெரியவர் செத்துப் போனார். வழக்கம்போல ஆள் வந்து வாசலில் நின்றது. "பெரியவரு போயிட்டாரு. செட்ட கூட்டிக்கிட்டு சுருக்கா வந்து சேரு." வரமுடியுமா என்ற கேள்வி கிடையாது. எவ்வளவு கூலி என்ற பேச்சு கிடையாது. சித்தப்பா தப்பை எடுத்தார். கல்லூரியில் படிக்கும் அவர் மகன் குறுக்கே வந்து நின்றான். "நீ போகாதப்பா." "போகலேன்னா நாளைக்கு எந்தக் காட்டுல வேல குடுப்பான்?" என்று சொல்லிவிட்டு சித்தப்பா போனார். அப்பனும் மகனும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் அவன் என்னிடம் கேட்டான்: "அண்ணே, இளையராஜா போட்டா இசை. எங்கப்பா அடிச்சா எழவு மோளம். ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

தோழர்களே, இந்தக் கேள்விக்கு 'சாதி இருக்கிறது' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். மேடைகளில் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருக்கிறோம். அது உண்மைதான், ஆனால் போதாது. சாதி எந்த வழியாக இசைக்குள் நுழைகிறது, யாரை 'இசையமைப்பாளர்' ஆக்குகிறது, யாரை 'மோளக்காரன்' ஆக்குகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அதைப் பார்க்க நாம் மெட்ராசுக்குப் போக வேண்டியதில்லை. புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலைக்குப் பஸ் ஏறினால் போதும். அங்கே குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்து. ஏழு ராகங்களுக்கான சுரக் கோவைகள் ஏழு பகுதிகளாக வெட்டப்பட்டிருக்கின்றன. ருத்ராச்சாரியார் என்பவரின் சீடனான ஒரு மன்னன், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாகக் கல்வெட்டு முடிகிறது. மகேந்திரவர்மன்தான் அந்த மன்னன் என்று பலர் சொல்கிறார்கள், அதை மறுப்பவர்களும் உண்டு. இந்தியாவில் இசையைப் பற்றிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கல்வெட்டுகளில் இது ஒன்று. நம்ம மாவட்டத்துக்குப் பெருமைதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பாறைக்கு முன்னால் நின்று ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். மாணவர்களின் நன்மைக்காக என்றால் எந்த மாணவர்கள்? சமஸ்கிருத ஆசிரியனிடம் உட்கார்ந்து பாடம் கேட்கும் தகுதி யாருக்கு இருந்ததோ அவர்கள். கல்லை உடைத்தவன், சாரம் கட்டியவன், செத்த மாட்டின் தோலை உரித்துப் பதப்படுத்தி வாத்தியத்துக்குக் கொடுத்தவன் — இவர்களில் யாரும் அந்த 'மாணவர்' என்ற சொல்லுக்குள் வரமாட்டார்கள். எழுதப்பட்ட இசை 'சாஸ்திரம்' ஆகிறது. எழுதப்படாதது 'சத்தம்' ஆகிறது. எழுதுகோல் யார் கையில் இருந்தது என்பது மட்டும் பேச்சில் வருவதேயில்லை. எழுதி வைத்தால் மட்டும் நிலைத்துவிடும் என்பதும் கிடையாது. திருமயத்திலும் இப்படி ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. அதன் பெரும்பகுதி அழிக்கப்பட்டு, அதன் மேலேயே பிற்காலத்துச் சாசனம் வெட்டப்பட்டிருக்கிறது. பாறைக்கே இந்தக் கதி என்றால், நாக்கிலும் விரலிலும் மட்டும் வாழ்ந்த எங்க சனங்களின் இசைக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

'அதெல்லாம் கிராமியக் கலைங்க, தானா வந்தது, யாரும் கம்போஸ் பண்ணினது இல்ல' என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். தானா வருவதற்கு அது என்ன காட்டுச் செடியா? சித்தப்பாவிடம் உட்கார்ந்து கேட்டேன். சாமிச்சாட்டு அடி வேறு, மருள் அடி வேறு, மாரடிப்பு அடி வேறு, சப்பரத்து அடி வேறு, வாழ்த்தடி வேறு. சாட்டும்போது நடையைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். மருள் வருகிற நேரம் பார்த்து இறுக்க வேண்டும்; முந்தினால் சாமி ஏறாது, பிந்தினால் ஏறின சாமி இறங்கிப்போகும். மாரடிக்கிற பொம்பளைகளின் கைக்கு அடி இடம்விட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வாயில் சொல்கிற சொற்கட்டு இருக்கிறது. சிண்டுக் குச்சிக்கு ஒரு வேலை, அடிக் குச்சிக்கு ஒரு வேலை. "இதுல உங்க அடி எது சித்தப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சப்பரத்து அடியில முடிக்கிற எடத்துல ஒரு திருப்பு இருக்குல்ல, அது நான் போட்டது. எங்கய்யா அடிக்கையில அது கெடையாது. இப்ப சுத்துப்பட்டி பூராம் அடிக்கிறானுவ" என்றார். அறுபது வயதில் அந்தக் கேள்வியை அவரிடம் முதல்முதலாக ஒருவன் கேட்டிருக்கிறான். கேட்டவனும் சொந்த அண்ணன் மகன்தான். இதுநாள்வரை நானும் கேட்டதில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அந்தத் திருப்புக்குப் பேர் கம்போசிசன் இல்லையென்றால் வேறு என்ன?

இதே புதுக்கோட்டையில்தான் மாமுண்டியா பிள்ளை இருந்தார். பஜனைக் கூட்டங்களில் தட்டிக் கொண்டிருந்த சின்னத் தோல் வாத்தியமான கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனவர். தவில்காரர் ஒருவரிடம் லயம் கற்றவர். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை வழியாக 'புதுக்கோட்டைப் பாணி' என்று கர்நாடக சங்கீத உலகம் இன்றைக்கும் மரியாதையோடு சொல்கிறது. கஞ்சிராவையும் தப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் மர வளையம், ஒரு பக்கம் தோல். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு பிள்ளை சபாவுக்குப் போனது. இன்னொரு பிள்ளை சுடுகாட்டுக்கு அனுப்பப்பட்டது. வாத்தியத்தின் தரம்தான் காரணம் என்றால் கஞ்சிராவும் போயிருக்க முடியாது. ஒரு வாத்தியத்தை உயர்த்த ஒரு மேதை போதும். ஆனால் அந்த மேதை உள்ளே நுழைய அனுமதிக்கப்பட்ட சாதியில் பிறந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் நாம் படிக்க வேண்டிய பாடம்.

மாட்டுத் தோல் தீட்டு என்பார்கள். அதுவும் பொய். மிருதங்கத்திலும் மாட்டுத் தோல் இருக்கிறது. டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் முழுக்க அதைத்தான் பேசுகிறது. மிருதங்கம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். தஞ்சாவூர் பர்லாந்து போன்றவர்கள் தோலையும் கட்டையையும் மட்டும் கொடுக்கவில்லை. பாலக்காடு மணி ஐயர் தேடிய நாதத்தை அவரோடு சேர்ந்து உருவாக்கினார்கள். வாசித்தவர் வித்வான். உருவாக்கியவர் 'ரிப்பேர்காரர்'. அந்தப் புத்தகத்தின் வெளியீட்டு விழாவுக்கு முதலில் அனுமதித்த கலாஷேத்ரா, கடைசி நேரத்தில் இடம் தர மறுத்தது. மாட்டைக் கொன்றுதான் தோல் வருகிறது என்ற உண்மையை அச்சில் பார்த்ததும் அரங்கத்துக்குத் தீட்டுப் பட்டுவிட்டது. அதே மாட்டின் தோல் அந்த மேடையில் எத்தனை வருசமாக ஒலித்துக்கொண்டிருக்கிறது!

கிருஷ்ணா தன் சாதியையும் தன் இசையையும் சேர்த்து வைத்துக் கேள்வி கேட்கிறார். 2024இல் அவருக்கு சங்கீத கலாநிதி என்று மியூசிக் அகாடமி அறிவித்ததும் அவருடைய உலகத்திலிருந்தே எதிர்ப்பு கிளம்பியதையும், அந்த ஆண்டு மாநாட்டில் பாட மாட்டோம் என்று சிலர் விலகியதையும் பார்த்தோம். அவரது நேர்மையை மதிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். உள்ளே இருப்பவர் சுயவிமர்சனம் செய்தால் அது 'சிந்தனை' என்று பேர் வாங்குகிறது. வெளியே நிறுத்தப்பட்டவன் அதையே பேசினால் 'சாதி பேசுகிறான்' என்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் இளையராஜாவுக்கு வர வேண்டியிருக்கிறது. பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் தூக்கித் திரிந்து, மெட்ராஸில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, 1976இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கி ஆயிரம் படங்களைத் தாண்டியவர். 1986இல் 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத் தொகுப்பைத் தந்தார். 'இதற்கு எப்படிப் பேர் வைப்பது' என்று அர்த்தம். அதைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். 1993இல் இதே ராயல் பில்ஹார்மோனிக்கைக் கொண்டு ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார்; அது இன்றுவரை வெளிவரவில்லை. 2005இல் திருவாசகம். 2025இல் இது.

அந்தக் காணிக்கைப் பட்டியலில் அண்ணன் பாவலர் இல்லையே, தப்படித்த கைகள் இல்லையே என்று நம்மில் சிலர் கோபப்படுகிறோம். தன்னை எந்தச் சாதி அடையாளத்துக்குள்ளும் அடைக்க அவர் சம்மதித்ததில்லை. 2022இல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட நூலுக்கு முன்னுரை எழுதினார். நாம் கொதித்தோம், கொதித்ததில் தவறில்லை. அதே ஆண்டு மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டபத்திலிருந்து அவர் வெளியே வரச் சொல்லப்பட்ட காட்சி பரவியபோது, நம் பையன்கள் அவருக்காகக் கொந்தளித்தார்கள். அர்ச்சகர்களும் ஜீயர்களும் தவிர வேறு யாருக்கும் அங்கே அனுமதி இல்லை, அதுதான் மரபு என்று கோயில் தரப்பு விளக்கியது. அவரோ, தான் சுயமரியாதையை விட்டுக் கொடுப்பவன் இல்லை, பரவுவது வதந்தி என்று சொல்லி முடித்துவிட்டார்.

நாம் இரண்டு தப்பு செய்கிறோம். அவர் ஜெயிக்கிறபோது 'நம்மாளு' என்று தோளில் தூக்குகிறோம். நாம் நினைத்ததைப் பேசாதபோது 'துரோகி' என்று தரையில் போடுகிறோம். இரண்டிலும் அவருடைய இசையை நாம் கேட்கவேயில்லை. பாக்கிடம் உன் சாதி என்ன என்று யாரும் கேட்பதில்லை. தியாகராஜர் தன் பிறப்புக்காக யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததில்லை. சேரியில் பிறந்தவன் மட்டும் ஒவ்வொரு சுரத்துக்கும் சாட்சி சொல்ல வேண்டுமா? பேசாமலிருக்கும் உரிமையும் ஓர் உரிமைதான். அவருடைய அரசியலை விமர்சிப்போம், கூச்சமில்லாமல் விமர்சிப்போம். அவருடைய மௌனத்தை மட்டும் அவர் குணத்தின் மேல் போட்டுவிட வேண்டாம். வாயைத் திறந்தால் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் ஒரே சொல்லில் சுருக்கிவிடுகிற சமூகம் இது. அந்த மௌனத்தின் விலையை நிர்ணயித்ததும் இந்தச் சமூகம்தான்.

அதேசமயம் அந்த மௌனம் நமக்கு வழிகாட்டாது. வேறு வழியில் போனவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபுளோரன்ஸ் பிரைஸ் என்ற கறுப்பினப் பெண் எழுதிய சிம்பொனியை 1933இல் சிக்காகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று கறுப்பினப் பெண்ணின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல்முறை. அதன் மூன்றாம் பகுதிக்கு அவர் வைத்த பேர் 'ஜூபா'. அடிமைகள் தொடையிலும் மார்பிலும் கையால் தட்டி ஆடிய ஆட்டத்தின் பேர் அது. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் கலகம் செய்தார்கள். பறை அடித்து ஆள் சேர்த்தார்கள். அடுத்த வருசமே அடிமைகள் பறை வைத்திருப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பறையைப் பிடுங்கிய இடங்களில் சனங்கள் உடம்பையே பறையாக்கினார்கள். ஃபுளோரன்ஸ் பிரைஸ் அதை சிம்பொனிக்குள் கொண்டு வந்து, பேரையும் மாற்றாமல் வைத்தார். 1943இல் போஸ்டன் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநருக்கு எழுதிய கடிதத்தில், தான் பெண் என்பதும் தன் நிறமும் தனக்கு இரண்டு தடைகள் என்று வெளிப்படையாகவே குறிப்பிட்டார். அந்தக் கடிதத்தால் அவருக்கு மேடை கிடைத்துவிடவில்லை. அவர் செத்து அரை நூற்றாண்டு கழித்து, 2009இல், பாழடைந்த வீடு ஒன்றில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. வெள்ளைக்காரன் தாளைத்தான் பார்ப்பான், தோலைப் பார்க்க மாட்டான் என்று நம்புகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே பறையைத் தடை செய்தார்கள். இங்கே பறையைக் கட்டாயமாக்கினார்கள். 'நீ அடிக்கக் கூடாது' என்பதும் 'நீதான் அடிக்கணும்' என்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு குரல்கள். எங்க சித்தப்பா மகனின் கோபம் தப்பின் மேல் இல்லை, அந்தக் கட்டாயத்தின் மேல்தான் என்பதை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். இதைப் பிரிக்காததால்தான் நம் இயக்கங்களுக்குள்ளேயே ஒரு பக்கம் 'பறையைக் கொளுத்து' என்றும் இன்னொரு பக்கம் 'பறை விடுதலை இசை' என்றும் ஒருவரையொருவர் மறித்துக்கொண்டு நின்றோம்.

நம் பக்கத்திலேயே இதை யோசித்து இசை போட்ட ஒருவர் இருந்தார். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு. நம்ம சனங்களுக்குப் 'பரட்டை'. தேவாலயத்தில் கர்நாடக மெட்டுக் கீர்த்தனைகள்தான் பக்தி என்று இருந்த இடத்தில், கிராமிய மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து தின்பதுதான் அவர் இறையியல். மெட்டிலேயே சாதி ஒளிந்திருக்கிறது, மேல்சாதி இசையில் விடுதலையைப் பாடினால் விடுதலை பாதிதான் வரும் என்பது அவருடைய நிலைப்பாடு. இன்னொன்றும் சொன்னார்: என் பாட்டை மாற்றிப் பாடுங்கள், சனங்கள் மாற்ற மாற்றத்தான் அது சனங்களுடையதாகும் என்று. ஒரு பக்கம் ஒவ்வொரு சுரத்தையும் தாளில் தானே எழுதி, தன் பாடல்களின் உரிமைக்காக நீதிமன்றம் வரை போன இளையராஜா. மறு பக்கம் எடுத்துக்கோ, மாத்திக்கோ என்று விட்டுக்கொடுத்துவிட்டு 2005இல் மறைந்த பரட்டை. இருவரில் யார் சரி என்று என்னைக் கேட்டால் இருவரும்தான் என்பேன். காலம் பூராவும் பிடுங்கப்பட்டவன் 'இது என்னுடையது' என்று கையெழுத்துப் போடுவதும் அரசியல். பகிர்ந்து தின்றே பிழைத்தவன் 'இது நம்முடையது' என்று விரித்து வைப்பதும் அரசியல். நம் வேலை இரண்டையும் எங்க ஊர்த் தப்புக்குக் கொண்டு வருவது.

அதனால் இந்த மாவட்டத்துத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் மூன்று காரியங்களைச் சொல்கிறேன். முதலாவது, சாதிக் கட்டாயத்தில் எந்தச் சாவுக்கும் அடிக்கக் கூடாது. 'சம்மதம் கேட்டு, கூலி பேசி, பெஞ்சில் உட்கார வைத்துச் சோறு போட்டால் வருவோம். இல்லையென்றால் வரமாட்டோம்' என்று ஊர்கூடி முடிவெடுக்க வேண்டும். தனியாளாக மறுத்தால் வேலை போகும், வீட்டுக்கு முன்னால் ஆள் வரும். செட்டாக மறுக்க வேண்டும், சுற்றுப்பட்டி முழுக்க மறுக்க வேண்டும். சங்கம் பின்னால் நிற்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு ஊரிலும் மூத்த தப்புக்காரர்களிடம் போய் உட்கார்ந்து, எந்த அடி யார் போட்டது, எந்தத் திருப்பு யாருடையது என்று பேரோடு பதிவு செய்யுங்கள். கையில் இருக்கிற செல்போன் போதும். 'ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்ற பொய்யை இந்தத் தலைமுறையோடு முடித்துக் கட்ட வேண்டும். மூன்றாவது, மாவட்ட அரசு இசைப் பள்ளியில் தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் உள்ள அதே இடம் பறைக்கும் வேண்டும் என்று கேளுங்கள். ஓரத்தில் ஒரு வகுப்பு போதாது. முழுநேரப் பாடம், அதே சான்றிதழ், வாத்தியாருக்கு அதே சம்பளம். வாத்தியாராக சித்தப்பா மாதிரி ஆள்கள் உட்கார வேண்டும்.

வேங்கைவயல் இருக்கிற மாவட்டத்தில் இசையைப் பற்றி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. 2022 டிசம்பரில் நம் சனங்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். இரண்டு வருசம் விசாரித்து, 2025 ஜனவரியில் பாதிக்கப்பட்ட அந்தச் சனங்களில் மூன்று பேர் மேலேயே குற்றப்பத்திரிகை போட்டது சி.பி.சி.ஐ.டி. அதை ஏற்க மாட்டோம் என்று இயக்கங்கள் போராடின. நான் தோழருக்குச் சொன்ன பதில் இதுதான். தண்ணீரில் மலம் கலப்பவன் அதற்கு முன்பே சொல்லிலும் சத்தத்திலும் கலந்துவிட்டான். நம் தெருவுக்குப் பேர் அவன் வைத்தது. நம் இசைக்குப் பேர் அவன் வைத்தது. அந்தத் தொட்டிக்குப் போராடுகிற அதே கையால் இந்தப் பேரையும் கழுவ வேண்டியிருக்கிறது.

போன மாசம் சித்தப்பா மகன் வந்தான். அப்பாவிடம் பேச ஆரம்பித்துவிட்டானாம். சப்பரத்து அடியை அவரிடம் கற்றுக்கொள்கிறான். வைக்கோல் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவதற்குள் கை சுட்டுக்கொண்டிருக்கிறான், காட்டினான். "எழவுக்குப் போக மாட்டேண்ணே. ஆனா இத விட மாட்டேன்." நோட்டில் சொற்கட்டை எழுதி வைத்திருந்தான். மேலே தலைப்பு மாதிரி அப்பாவின் பேர். அதற்குப் பக்கத்தில், திருப்புக்கு ஒரு பேர் வைக்க இடம் விட்டிருந்தான்.

"என்ன பேருடா வைக்கப் போற?"

"அப்பா யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்காரு."